தண்ணீர் சரியாக ஓடிய வளைவு

நான் ஓய்வுபெற்ற அன்று ஆபீஸில் சால்வை போர்த்தி, கேக் வெட்டி, மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "மேடம், உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத ஒரு விஷயம் சொல்லுங்க" என்றார்கள். பூங்காவுக்குள் சிறுத்தை புகுந்துவிட்டதாகப் புரளி கிளம்பி, பாதி நாள் நாங்கள் எல்லோரும் பம்ப் ரூமுக்குள் அடைந்து கிடந்த கதையைச் சொன்னேன். கடைசியில் அது ஒரு காப்பி நிற நாய். எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். வீட்டுக்கு வரும் பஸ்ஸில்தான், மறக்க முடியாத விஷயம் அது இல்லையே என்று மனசு உறுத்தியது.

அதைச் சொல்ல இப்போது ஒரு காரணம் வந்திருக்கிறது. அதே பூங்காவில் சைக்கிள் பாதைகளை மேலும் நீட்டப் போகிறார்களாம். புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர்கள் சிலர் போன் செய்து, பழைய பாதைகளை எப்படிப் போட்டோம் என்று கேட்கிறார்கள். அளவுகள் எல்லாம் ஃபைலிலேயே இருக்கின்றன. டெஸ்ட் ரிஜிஸ்டரில் ஒரு பக்கத்தில் மட்டும் நான் எழுதிய 'சரி'யை அடித்து, அருகில் வேறு எழுதியிருக்கும். அது ஏன் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

என் அப்பா அரசு வேலையில் ரோடு ரோலர் ஓட்டியவர். அல்சூரில் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், எந்தெந்தத் தெரு அப்பா உருட்டியது என்று நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். அந்தப் பெருமையில்தான் சிவில் டிப்ளமா படித்தேன். வகுப்பில் பெண்கள் மூன்றே பேர். படிப்பு முடிந்து, தற்காலிக வேலையில் சில வருஷம் அலைந்து, ஒருவழியாக ஒர்க் இன்ஸ்பெக்டராக வேலை நிரந்தரமானது. நடைபாதை, காம்பவுண்டுச் சுவர், தொட்டி, கழிப்பறை என்று இருபது வருஷம் ஓடிவிட்டது. நாற்பத்தேழு வயதில் என்னை அத்திபெலேவிலிருந்து உள்ளே தள்ளி இருந்த அந்தப் பூங்காவுக்கு மாற்றினார்கள்.

பூங்கா என்றால் பெஞ்சும் பூச்செடியும் இருக்கிற பூங்கா இல்லை. நூற்றுக்கணக்கான ஏக்கர். யானை படுத்திருப்பது போல் கருங்கல் பாறைகள், நடுவில் ஒரு ஏரி, ஏரிக்கு அந்தப் பக்கம் மூங்கில் காடு, வேலிக்கு வெளியே ராகி வயல்களும் செவ்வந்தித் தோட்டங்களும். காலையில் பனி ஏரியை விட்டு எழும்பவே ஒன்பது மணி ஆகும். தைல மரங்களின் வாசனை மேல் துணியில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் வரும். இன்றைக்கும் யாராவது யூகலிப்டஸ் எண்ணெய் தடவினால், என் மூக்குக்கு ஜலதோஷம் நினைவு வராது, அந்த ஏரிக்கரைதான் வரும்.

அப்போது அதன் நடுவே ஒரு மண் சாலை போய்க்கொண்டிருந்தது. கல் குவாரி டிப்பர் லாரிகளுக்கு அது குறுக்கு வழி. லாரிகளை வெளிச்சாலைக்குத் திருப்பிவிட்டு, உள்ளே மோட்டார் வண்டியே நுழையாத சைக்கிள் பாதைகள் மூன்று போடுவது என்று முடிவாகியிருந்தது. ஏரிச் சுற்று, மூங்கில் சுற்று, பாறைச் சுற்று. அந்த வேலைக்குப் பொறுப்பாக வந்தவர் சென்னபசப்பா சார். தார்வாட் பக்கத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஒல்லியாக, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு சாக்பீஸோடு இருப்பார். தமிழை அவர் கற்றது கூலியாட்களிடம். அதனால் என்னிடம் பேசுவது பாதி கன்னடம், பாதி சைட் தமிழ்.

முதல் நாளே கேட்டார்: "மல்லிகம்மா, நீங்க சைக்கிள் ஓட்டுவீங்க இல்ல?"

"இல்ல சார். கத்துக்கல."

அவர் சிரிக்கவில்லை. "நீச்சல் தெரியாதவன் கிணத்துல படிக்கட்டு வெக்கலாம். ஆனா சைக்கிள் ஓட்டத் தெரியாம சைக்கிள் ரோடு போட ஆகாது. ஒரு மாசம் சாக்கு?" என்றார். கன்னடத்தில் 'சாக்கு' என்றால் 'போதுமா' என்று அர்த்தம். நான் போதும் என்றேன்.

என் கணவர் செல்வராஜுக்குப் பீன்யாவில் லேத் வேலை. அவர் வடக்கே, நான் தெற்கே, வீடு நடுவில். ஞாயிற்றுக்கிழமைதான் இருவருக்கும் ஒரே திசை. தோட்டக்காரர் ஒருவரின் பழைய லேடீஸ் சைக்கிளை வாங்கினேன். ஏரிக்கரை மேல் நான் ஓட்ட, என் கணவர் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார். புடவை செயினில் மாட்டி இரண்டு முறை கிழிந்த பிறகு, கல்யாணத்துக்குப் பின் முதல் தடவையாகச் சுடிதார் போட்டேன். "என்னா, காலேஜ் பொண்ணாட்டம் கீற" என்று அவர் கேலி செய்தார். நாலாவது ஞாயிற்றுக்கிழமை, "பிடிச்சுக்கினு கீறீங்களா?" என்று நான் கத்த, பதில் வெகு தொலைவிலிருந்து வந்தது. அவர் கரையின் ஆரம்பத்திலேயே நின்றுவிட்டிருந்தார். பயத்தில் ஹேண்டிலைத் திருப்பி நாணலுக்குள் போய் விழுந்தேன். முழங்கால் சதை பிய்ந்து போயிற்று. ஆனால் அவ்வளவு தூரம் நானே ஓட்டியிருந்தேன். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான காயம் எனக்குப் பட்டதில்லை.

சார் வேலை வாங்கும் விதம் தனி. சத்தம் போட மாட்டார். பாதையின் நுழைவாயிலில் லாரியும் ஆட்டோவும் புகாமல் இருக்கக் கல் கம்பங்கள் நட வேண்டியிருந்தது. இடைவெளி எவ்வளவு என்று டிராயிங்கில் போட்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் சைக்கிளில் பால் கொண்டுபோகும் முனிராஜு என்பவரைக் கூப்பிடச் சொன்னார். இரண்டு பக்கமும் கேன் தொங்கும் சைக்கிளோடு அவர் வந்தார். இரண்டு ஆட்கள் கம்பங்களைப் பிடித்துக்கொண்டு நிற்க, முனிராஜு நடுவில் போனார். கேன் இடித்தது. சார் ஒரு கம்பத்தை நாலு விரல் நகர்த்தச் சொன்னார். மறுபடி போகச் சொன்னார். இடிக்கவில்லை. தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, "இங்கே" என்றார். அவ்வளவுதான். "தேங்க்ஸ் முனிராஜு, பால் லேட்டாயிடுச்சு உங்களுக்கு, மன்னிச்சுக்கோங்க" என்று கை கூப்பினார். டிராயிங் போட்டவர் மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

பாதையில் ஒவ்வொரு நூறு மீட்டர் முடிந்ததும் மூன்று சோதனை. ரிஜிஸ்டரில் மூன்று கட்டம் அவரே போட்டு வைத்திருந்தார். தண்ணீர், பாதம், சக்கரம்.

தண்ணீர் என்றால், ஒரு பக்கெட் தண்ணீரைப் பாதையின் நடுவில் ஊற்றி, அது எங்கே போகிறது என்று நின்று பார்க்க வேண்டும். தேங்கக் கூடாது, ஓரத்துக்கு ஓடிவிட வேண்டும். பாதம் என்றால், செருப்பைக் கழற்றிவிட்டு முழுத் தூரமும் நடக்க வேண்டும். உருளும் சரளை ஒன்று இருந்தாலும் உள்ளங்கால் சொல்லிவிடும். சொன்ன இடத்தில் சாக்பீஸ் குறி. சக்கரம் என்றால், நாமே சைக்கிளில் போய்ப் பார்க்க வேண்டும். இறக்கமாக இருந்தால் ஒரு தடவை பிரேக் பிடிக்காமல். மூன்றும் சரி என்றால் கட்டத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியது நான். மேலே போட வேண்டியது அவர்.

ஏரிச் சுற்றும் மூங்கில் சுற்றும் அப்படித்தான் முடிந்தன. ஏரிச் சுற்றைத் திறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. எலெக்ட்ரானிக் சிட்டி, பொம்மசந்திரா பக்கமிருந்து சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்திக்கொண்டு வந்தார்கள், பெரியவர்கள்! ஹார்ன் சத்தம் இல்லாமல் சைக்கிள் ஓட்டி எத்தனை வருஷம் ஆயிற்று என்று ஒருவர் என்னிடம் சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மிதிக்காமல் உருளும் சைக்கிளின் அந்த 'டிக்டிக்டிக்' சத்தம் கூட்டமாகக் கேட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது, பாறைச் சுற்று. அதில்தான் என் கதை.

பாறையின் தலையிலிருந்து ஏரியை நோக்கி ஒரு நீண்ட இறக்கம். இறக்கத்தின் பாதியில் ஒரு வளைவு. வளைவின் உள்பக்கம் பாறை, வெளிப்பக்கம் பள்ளமும் புதரும். இறக்கம் என்பதால் அங்கே தார் போட்டோம். வேலை நடக்கும்போதே ஒரு நாள் அந்தச் சரிவில் சைக்கிளோடு சறுக்கி விழுந்து, தோள்பட்டையில் அடிபட்டு, ஒரு வாரம் கையைத் தூக்க முடியாமல் இருந்தேன். அதிலிருந்து அந்த இடம் என்றால் எனக்குப் பயம். யாரிடமும் சொல்லவில்லை.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. விழா ஏற்பாட்டுக்காகச் சாரைத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். போகும்போது, "அந்த வளைவு ஒண்ணு பாக்கி. நீங்க பாத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பக்கெட்டில் தண்ணீர் ஊற்றினேன். அழகாக வெளிப்பக்கம் ஓடிப் பள்ளத்தில் இறங்கியது. ஒரு சொட்டு தேங்கவில்லை. வெறுங்காலோடு நடந்தேன். பாதம் சரி. சைக்கிளை எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஏறி உட்கார்ந்தேன். கீழே பார்த்தேன். இறங்கிவிட்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வளைவு முழுவதும் நடந்து கீழே வந்தேன். சக்கரம் உருண்டுதானே வந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது கட்டத்தில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் சார் வந்து, என் கையெழுத்தைப் பார்த்து, மேலே அவர் கையெழுத்தைப் போட்டார்.

திறந்து ஒரு மாதத்துக்குள் காவலாளி பாஷா என்னிடம் வந்து, "அக்கா, அந்த மோட்ல ரெண்டு பேரு சறுக்கிட்டாங்க. எழுந்து தொடச்சிக்கினு போயிட்டாங்க" என்றார். 'மோடு' என்று அவர் சொன்னது வளைவை. "வேகமா வந்திருப்பாங்க" என்றேன். அதைச் சொல்லும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை தேன்மொழி விழுந்தாள்.

பாஷாவின் விசில் கேட்டு நான் ஓடிப் போனபோது, புதருக்குள் ஒரு நீல சைக்கிள் தலைகீழாகக் கிடந்தது. பக்கத்தில் இருபத்தைந்து வயசுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து, வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு இருக்க வேண்டிய திசையில் இல்லை. வாயில் ரத்தம். அழவில்லை. என்னைப் பார்த்ததும், "சாரி மேடம். நான்தான் சரியா ஓட்டல போல" என்றாள்.

பூங்கா ஜீப்பில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழியில் பேசிக்கொண்டே வந்தாள். மயக்கம் வராமல் இருக்கப் பேசுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. தாராபுரம் பக்கத்துக்காரி. கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பொம்மசந்திராவில் பிஜி விடுதியில் தங்கியிருக்கிறாள். அந்த நீல சைக்கிள் முதல் சம்பளத்தில் வாங்கியது. அப்பா இல்லை. அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னாள். மணிக்கட்டிலும் காறை எலும்பிலும் முறிவு, முன்பற்கள் இரண்டு போய்விட்டன. ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட அம்மாவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு அதிகாரிகள் விசாரணைக்கு வந்தார்கள். பூங்கா ஆபீஸில் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் சொன்னார்: "தினமும் நூறு பேர் போறாங்க. ஒரு பொண்ணு விழுந்தா ரோடு காரணமா? அந்தப் பொண்ணே அவ தப்புன்னு சொல்லியிருக்கு." மற்றவர் ரிஜிஸ்டரைத் திருப்பினார். "டெஸ்ட் எல்லாம் சரின்னு இருக்கே. மேடம், இது நீங்க ஓட்டிப் பாத்து எழுதினதுதானே?"

சென்னபசப்பா சார் எனக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஆமா சார்" என்றேன்.

ஐந்து நிமிஷத்தில் விசாரணை முடிந்துவிட்டது. காப்பி வந்தது. நான் குடிக்கவில்லை.

மறுநாள் காலை டிபன் சாப்பிடும்போது என் கணவரிடம் சொன்னேன். அவர் இட்லியைப் பிட்ட கையோடு நிறுத்திவிட்டார். "எங்க ஷாப்புல அளக்காம ஓகே போட்டா பீஸு திரும்பி வரும். எடுத்து மறுபடி மெஷின்ல போட்ருவோம்" என்றார். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார். பஸ் ஏறும்போது, "இன்னிக்கே சொல்லிடு மல்லிகா" என்றார்.

ஆபீஸில் சார் தனியாகத்தான் இருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன். தள்ளிக்கொண்டு போனது, எழுதியது, பாஷா சொன்னது, நேற்றுப் பொய் சொன்னது, எல்லாவற்றையும். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடக்கி மேஜை மேல் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சைக்கிள் எடுங்க" என்றார்.

வளைவுக்குப் போனோம். அவர் ஒரு வாளித் தண்ணீரில் என் சைக்கிளின் முன் சக்கரத்தை நனைத்தார். "பயமா?" என்றார். "ஆமா சார்." "நான் கீழே நிக்கறேன். பிரேக் வேண்டாம். ஹேண்டில் இழுத்தா விட்டுடுங்க, சண்டை போடாதீங்க."

மேலே போய் ஏறி உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. காலை எடுத்தேன். வேகம் பிடித்தது. வளைவின் நடுவில், யாரோ தோளைப் பிடித்து வெளியே தள்ளுவது போல் இருந்தது. நான் உள்ளே திருப்புகிறேன், சக்கரம் வெளியே போகிறது. விளிம்புப் புல்லில் இறங்கிக் காலை ஊன்றி நின்றேன்.

"இன்னொரு தடவை" என்றார். சக்கரத்தை நனைத்து நனைத்து மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் ஈரச் சக்கரம் தாரின் மேல் ஒரு கோடு இழுத்திருந்தது. அவர் குந்தி உட்கார்ந்து கோடுகளைச் சாக்பீஸால் அடையாளம் செய்தார். மூன்று கோடும் ஒரே இடத்தில் வெளிப்பக்கம் வளைந்து போயிருந்தன.

"நோடி, பாருங்க மல்லிகம்மா" என்றார். "மூணு தடவையும் அதே ஜாகா, அதே எடம்."

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. வளைவில் சைக்கிள் போகும்போது பாதை உள்பக்கம் தாழ்ந்து, வெளிப்பக்கம் உயர்ந்து இருக்க வேண்டும். அப்போதுதான் வளைவு வண்டியைத் தன்னோடு பிடித்துக்கொள்ளும். இங்கே தண்ணீர் பள்ளத்தில் இறங்கட்டும் என்று வெளிப்பக்கம் தாழ்த்திப் போட்டிருந்தார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் அழகாக ஓடியதோ, அந்தப் பக்கம்தான் ஆளையும் தள்ளியது. என் பக்கெட் சோதனை சரியாக வந்ததே தப்பின் அடையாளம். அதைக் கண்டுபிடிக்க மூன்றாவது சோதனை இருந்தது. அதை நான் செய்யவில்லை.

ஆபீஸுக்கு வந்து ரிஜிஸ்டரை எடுத்தார். என் 'சரி'யை என் கையாலேயே அடிக்கச் சொன்னார். பக்கத்தில், 'அன்று ஓட்டிப் பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் பேனாவை வாங்கி, தன் கையெழுத்தின் பக்கத்தில், 'நேரில் பார்க்காமல் ஒப்புக்கொண்டேன்' என்று கன்னடத்தில் எழுதினார்.

"சார், நீங்க எதுக்கு? அன்னைக்கு நீங்க இங்கயே இல்லையே."

"அதுதான் எழுதியிருக்கேன்" என்றார்.

அறிக்கை மறுபடி போயிற்று. எனக்கு மெமோ வந்தது. வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப் போனது. அவருக்கும் மெமோ. முடிந்துபோன விஷயத்தைக் கிளறிவிட்டார்கள் என்று மேலே இருந்தவர்களுக்கு எங்கள் இருவர் மீதும் கோபம். பாறைச் சுற்றை மூடிவிட்டு, வளைவைக் கொத்தி எடுத்தோம். வெளிப்பக்கம் உயர்த்தி, மழைத் தண்ணீருக்குப் பாறை ஓரமாகத் தனியாக வாய்க்கால் வெட்டி, மறுபடி போட்டோம். இந்தத் தடவை நான் எத்தனை முறை ஓட்டினேன் என்று எண்ணவில்லை. காய்ந்த பாதையில், நனைந்த பாதையில், பின்னால் பாஷாவை உட்கார வைத்து, முன்னால் கூடை மாட்டி. கடைசியில் அந்த வளைவு வரும்போது எனக்குப் பயம் வரவில்லை. அது என்னை உள்ளே இழுத்துக்கொண்டது.

வேலை நடக்கும்போதே சாரிடம் கேட்டிருந்தேன்: "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணுமா சார்?"

"ஆபீஸ் சொல்லாது. ஆபீஸுக்கு அது வேலை இல்ல" என்றார். "உங்களுக்கு வேலைதான்."

பொம்மசந்திராவில் அவள் பிஜியைத் தேடிப் போனேன். கீழே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேசினோம். கையில் இன்னும் கட்டு இருந்தது. கொய்யாப்பழம் வாங்கிப் போயிருந்தேன். முன்பல் இல்லாதவளுக்குக் கொய்யாப்பழம் வாங்கிப் போன புத்தியை இன்றைக்கும் நொந்துகொள்கிறேன். நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"ரெண்டு மாசமா நான்தான் தப்பு பண்ணினேன்னு நினைச்சிட்டு இருக்கேன் மேடம்" என்றாள். "தினமும் படுத்துட்டு, எங்க தப்பா திருப்பினேன், எங்க தப்பா திருப்பினேன்னு யோசிக்கிறேன். எங்கம்மா ஆஸ்பத்திரியில எல்லார் முன்னாடியும் திட்டுச்சு. திமிரா ஓட்டியிருப்ப, அதான்னு. இனி சைக்கிளே தொட மாட்டேன்னு அம்மா தலை மேல கை வெச்சு சத்தியம் பண்ணியிருக்கேன். என் சைக்கிளையும் ஊருக்கு அனுப்பி, யாருக்கோ கொடுத்தாச்சு."

"மன்னிச்சிடும்மா" என்றேன்.

"இல்ல" என்றாள். கத்தவில்லை. "நீங்க அன்னைக்கு ஜீப்புல என் தலையை மடியில வெச்சிட்டு வந்தீங்க. நான் சாரி சாரின்னு சொல்லிட்டே வந்தேன். அப்பவும் நீங்க சும்மாதான இருந்தீங்க? போயிடுங்க மேடம். ப்ளீஸ்."

எழுந்து வந்துவிட்டேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை.

பாறைச் சுற்றை மறுபடி திறந்த சில மாதங்களில் சாருக்கு மாற்றல் வந்தது. பீதர் பக்கம், வீட்டிலிருந்து வெகு தூரம். காரணம் எதுவும் போடவில்லை. எங்களுக்குத் தெரியும். கடைசி நாள் சாயங்காலம், நாங்கள் மாலையும் பழத்தட்டும் வைத்துக்கொண்டு காத்திருக்க, அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு மூன்று சுற்றும் தனியாகப் போய்விட்டு வந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம், "மூங்கில் பக்கம் சரளை ஏறியிருக்கு. நாளைக்குப் பெருக்கச் சொல்லுங்க" என்றார். என்னால் அவருக்கு இந்த மாற்றல் என்று சொல்ல வாயெடுத்தேன். "பேடா" என்று கையை உயர்த்தினார். வேண்டாம் என்று. நாங்கள் போட்ட மாலையைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நடந்து போனார்.

அந்த வருஷ முடிவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தேன்மொழி வந்தாள். நான் நுழைவாயிலில் நின்றிருந்தேன். பற்கள் வைத்திருந்தாள். கை ஒரு பக்கம் சற்றுத் திரும்பினாற்போல் இருந்தது.

"அந்த இடத்தைப் பாக்கணும்" என்றாள்.

இரண்டு பேரும் நடந்தே போனோம். நான் என் லேடீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். எங்களைத் தாண்டிக் குடும்பம் குடும்பமாகச் சைக்கிள்கள் போய்க்கொண்டிருந்தன. வளைவுக்கு வந்ததும் நின்றாள். பாதையின் ஓரத்தில் உட்கார்ந்து, தரையில் கன்னம் படுகிற மாதிரி குனிந்து பார்த்தாள்.

"இப்போ இந்தப் பக்கம் தூக்கியிருக்கீங்க இல்ல?"

"ஆமாம்மா. ஒரு சாண் உயரம்."

எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். போனை எடுத்தாள். "அம்மா, நான் விழுந்த எடத்துலதான் நிக்கறேன். இங்க ரோடு போட்ட மேடம் இருக்காங்க. பேசு" என்று போனை என்னிடம் நீட்டினாள். "எங்கிட்ட சொன்னதை அப்படியே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்குது."

முன்பின் பார்த்திராத ஓர் அம்மாவிடம், ஏரியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "அம்மா, உங்க பொண்ணு மேல தப்பில்ல. ரோடு தப்பா இருந்துச்சு. பாக்க வேண்டியவ நான், பாக்கல. இப்போ உடைச்சு, சரியா போட்டிருக்கோம்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"அவ சின்னதுல இருந்தே மெதுவாத்தானுங்க போவா" என்றது ஒரு குரல். "சந்தைக்குக் கூட்டிட்டுப் போனாக்கூட, ஓரமாத்தான் நடப்பா. எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சும் அத்தனை பேரு முன்னாடி திட்டிப்போட்டேனுங்க."

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு தேன்மொழியைப் பார்த்தேன். அவள் என் சைக்கிளின் சீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரைப் போட்டேன்.

"அம்மா" என்றாள் அவள், போனைப் பார்க்காமல். "சத்தியத்தை வாபஸ் வாங்கிக்கட்டுமா?"

"வாங்கிக்க கண்ணு" என்றது குரல். அழுகை கேட்டது. "பாத்துப் போ."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே போனாள். வெகு நேரம் பாறைத் தலையில் நின்றாள். கிளம்பினாள். இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நடப்பதைவிட மெதுவாக வந்தாள். வளைவு நெருங்க நெருங்க அவள் உதடு அசைவது தெரிந்தது. நடுவில், அவள் விழுந்த அதே இடத்தில், விரல்கள் பிரேக்கை விட்டன. சைக்கிள் உள்பக்கமாகச் சாய்ந்து, பாறையை ஒட்டி வழுக்கிக்கொண்டு திரும்பியது. எங்களிடம் நிற்பாள் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கீழே ஏரிச் சுற்றில் இறங்கி, மிதித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தாள்.

"ஏனுங்க" என்றது போன். "போயிட்டாளுங்களா?"

"போயிட்டாம்மா."

"கண்ணுக்குத் தெரியறாளுங்களா?"

மூங்கில்களுக்கு நடுவே அவள் சட்டையின் நிறம் ஒரு தடவை தெரிந்து மறைந்தது. "தெரியறா" என்றேன்.